கொதிக்கும் எம்ஜிபியும் தாப்பா வெயிலும்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய கையோடு என் கொட்டகைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "அண்ணே, எந்த எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் கொதிக்காது?" நான் பதில் சொல்வதில்லை. "எப்போது கொதிக்கிறது?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது. வெள்ளை ஆவி கிளம்பியதும் பயந்துபோய் இறங்கியிருப்பார்களே தவிர, அதற்கு முந்தைய பத்து நிமிடம் கார் என்ன செய்துகொண்டிருந்தது என்பது நினைவில் இருக்காது.

நான் ஓட்டுவது 1966ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்பரேட்டர். ரப்பர்த் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது கிராணியாக (எழுத்தராக) இருந்த என் பெரியப்பாவிடம் விற்றுவிட்டுப் போன கார். இங்கே சொல்வதெல்லாம் அந்தக் காரை மலேசியாவின் தாப்பா ஊர் வெயிலிலும் கேமரன் மலைச் சாலையிலும் ஓட்டிக் கற்றுக்கொண்டவை. உங்களுடையது டிரயம்ஃப், ஆல்ஃபா, பழைய டட்சன் என எதுவாக இருந்தாலும் அளவுகள்தான் மாறும், வேலையின் வரிசை மாறாது.

எப்போது கொதிக்கிறது?

ஒரு வாரம் எதையும் கழற்றாமல் ஓட்டுங்கள். சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றைக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடும் நேரத்தில் பெரிய சாலையில் ஊர்ந்து போகும்போது வெப்பமானி முள் ஏறி, பீடோர் பக்கம் வேகமெடுத்ததும் இறங்குகிறதா? அப்படியானால் குறை காற்றில் இருக்கிறது. ஃபேன், அதன் பெல்ட், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளி, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஊருக்குள் சமர்த்தாக இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஏறுகிறதா? அப்போது ஃபேன் மேல் பழி போடக் கூடாது. அந்த வேகத்தில் காற்று தானாகவே வருகிறது. குழாய் அடைப்பு, உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், பின்தங்கிய இக்னிஷன் (தாமதமாக விழும் தீப்பொறி) ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். ஸ்டார்ட் செய்து ஐந்தே நிமிடத்தில் கொதித்தால் முதலில் தெர்மோஸ்டாட்டையும் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ஹெட் கேஸ்கட்டையும் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள்.

இந்த ஒரு வாரத்துக்குச் செலவு ஏதும் இல்லை. ஆனாலும் இதைச் செய்யாமல் கடைக்கு ஓடுகிறவர்களே அதிகம்.

முள் சொல்வது உண்மையா?

முற்கால எம்ஜிபியின் வெப்பமானி மின்சாரத்தில் இயங்குவது அல்ல. எஞ்சின் தலையில் செருகிய குமிழிலிருந்து தலைமுடி போன்ற செப்புக் குழாய் ஒன்று டாஷ்போர்டு வரை ஓடுகிறது. அதை மடக்கினால் முறிந்துவிடும், முறிந்தால் முள் செத்துவிடும். ஆகவே குமிழைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்க்கும் சோதனையைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுங்கள். அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. பளபளக்கும் உலோகத்தின் மேல் பிடித்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் மூடியின் மேல் கறுப்பு டேப் துண்டு ஒன்றை ஒட்டி, அதன் மேல் குறி வையுங்கள்.

இந்த எஞ்சினுக்கு 82 முதல் 95 டிகிரி வரை இயல்பு. 95ஐக் கண்டு பதற வேண்டாம். 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை ஒழுங்காகப் பிடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 115 டிகிரி வரை கொதிக்காது. நின்ற இடத்திலேயே நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் முள்தான் ஆபத்து.

அதே வெப்பமானியால் சூடான ரேடியேட்டரின் முகத்தை மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக அளந்து பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், ஃபேன் விரலை மதிக்காது. சூடு மேலிருந்து கீழே சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் சில்லென்று இருந்தால் அங்குள்ள குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள்.

தண்ணீர் பக்கம்

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். துணியைப் போட்டுத் திறக்கலாம் என்று சொல்கிறவர்களின் முன்னங்கையைப் பாருங்கள், தழும்பு இருக்கும். அரை மணி நேரம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆறிய பிறகு மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்குள் பாருங்கள். குமிழ்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் நுரை படிந்திருந்தாலோ, மேற்கொண்டு எதையும் வாங்க வேண்டாம். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஈரத்தாலும் அந்த நுரை சிறிது படியும் என்பதால், ஃபோர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) அழுத்தச் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்தல். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து வடித்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதித் தண்ணீர் எஞ்சின் பிளாக்கிலேயே நிற்கும். இந்த எஞ்சினில் பிளாக்கின் பின்பகுதியில், வலப்பக்கம், ஒரு வடிகால் உண்டு. நான் முதன்முதலில் அதைத் திறந்தபோது சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. கம்பி விட்டுக் குடைந்தேன். முதலில் துருப் பொடி உதிர்ந்தது, பிறகு செம்மண் சேறு போல ஒன்று நெளிந்து நெளிந்து வந்தது, அதற்குப் பிறகுதான் தண்ணீர். அரை மில்க் டின் அளவுக்குச் சேறு சேர்ந்தது. நான்காவது சிலிண்டரைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் படிந்து கிடந்த சரக்கு அது. அதை உள்ளே வைத்துக்கொண்டு எந்த ஃபேனைப் பூட்டினாலும் வீண்தான்.

ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றி, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை அடிவழியாகச் செலுத்தி மேல்வழியாக வெளியேற்றுங்கள். வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தள்ளினால்தான் சிக்கியது வெளியே வரும். அப்படியும் குளிர்ந்த திட்டுகள் மறையவில்லை என்றால் ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோங்கள். மேல் தொட்டியை ஈயப்பற்று நீக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுத் தருவார்கள். பழைய பித்தளை, செம்பு ரேடியேட்டர்களுக்கு மட்டுமே இது நடக்கும். அலுமினிய ரேடியேட்டர் வாங்குங்கள் என்று அங்கேயே உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நல்ல பித்தளை ரேடியேட்டர் இருக்கும்போது அதற்கு அவசரமே இல்லை.

கீழ் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அது பம்ப் உறிஞ்சும் பக்கம் இருக்கிறது. ரப்பர் தளர்ந்திருந்தால் வேகத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். காரை நிறுத்தி ஆறிய பிறகு ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் குற்றவாளி வேறு: மூடியின் நடுவிலுள்ள சிறிய வால்வு சிக்கிக்கொண்டு காற்றைத் திரும்ப உள்ளே விடவில்லை. முற்கால எம்ஜிபிகளுக்கு 7 பிஎஸ்ஐ மூடி, பின்னர் வந்தவற்றுக்கு 10. காருக்குரியதையே போடுங்கள். "அதிக அழுத்தம் நல்லதுதானே" என்று 15 போட்டால் கார் கொதிக்காமல் போகலாம், ஆனால் பழைய ஹீட்டர் வெடிக்கலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக இருக்கிறது. வெயில் நாட்டுக்கு அது எதற்கு என்பார்கள். கழற்றினால் எஞ்சின் தன் சூட்டுக்கு வர நேரமாகும், ஆயில் கெட்டுப்போகும், சிலிண்டர் தேயும். நமக்காகவே 74 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் கிடைக்கிறது. வாங்கியதும் நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, அடுப்பில் வைத்துச் சமையல் வெப்பமானியோடு பாருங்கள். புதியதிலும் திறக்காத பிறவி உண்டு.

கூலண்ட் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பனி உறைவது நம் கவலை அல்ல. தண்ணீர்தான் கூலண்டில் உள்ள கிளைகாலைவிட நன்றாகச் சூட்டைச் சுமக்கும். ஆனால் வெறும் தண்ணீர் துருவைக் கொண்டுவரும். மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், மிச்சம் பாட்டரிக் கடையில் விற்கும் சுத்திகரித்த தண்ணீர், இதுவே என் கலவை. வடித்த பழைய கூலண்டைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாய் நக்கினால் செத்துவிடும், குழந்தைக்கும் அதே கதிதான்.

காற்றின் வழி

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

பெரியப்பா இருந்த தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டின் கூரையில் திறப்புகள் இருக்கும். சிறுவயதில் நான் அவரிடம், கீழே அடுப்பு இருக்கிறதே, மேலே ஏன் ஓட்டை என்று கேட்டேன். "போக வழி இல்லாத புகை வரவும் வராதுடா" என்றார். கார் விஷயம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. காற்றுக்கு மூன்று கட்டங்கள்: முன்னால் நுழைய வேண்டும், ரேடியேட்டருக்குள் புகுந்து போக வேண்டும், எஞ்சின் அறையிலிருந்து வெளியேற வேண்டும். நம் ஆட்கள் முதல் கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

நுழையும் இடம் எளிது. கிரில்லுக்கு முன்னால் மாட்டியிருக்கும் சங்க வில்லைகள், பெரிய பனி விளக்குகள், தாழத் தொங்கும் எண் பலகை எல்லாம் காற்றைத் தடுக்கும் கதவுகள். விளக்கைக் கழற்ற மனம் வராவிட்டால் பக்கவாட்டில் தள்ளியாவது வையுங்கள். ரேடியேட்டரின் இதழ்களைக் கவனியுங்கள். மழை விட்ட மாலையில் ஈசல் பறக்கும் சாலையில் ஒருமுறை போய்வந்தால் போதும், அடுத்த நாள் அந்த இறகுகளும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் தூளும் சேர்ந்து அடை தட்டியது போல ஒட்டியிருக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். கார் கழுவும் கடையின் உயர் அழுத்தத் துப்பாக்கி இதழ்களை மடக்கிவிடும். மடங்கியதை நிமிர்த்தச் சீப்பு போன்ற கருவி கிடைக்கும். மழை நாளில் நிதானமாகச் செய்ய ஏற்ற வேலை அது.

இரண்டாவது கட்டத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். காற்று சோம்பேறி. நெருக்கமான இதழ்களுக்குள் நுழைவதைவிட ரேடியேட்டரின் ஓரத்தில் இருக்கும் விரல் கனச் சந்தில் நழுவிப் போவதே அதற்குப் பிடிக்கும். இன்னும் மோசம் ஒன்று உண்டு. கார் நிற்கும்போது, ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்றே அந்தச் சந்துகள் வழியாக முன்னால் திரும்பி வந்து மறுபடியும் ரேடியேட்டருக்குள் போகும்.

இதைக் கண்ணால் காண ஒரு வழி இருக்கிறது. பெட்ரோல் வாசனை துளியும் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். வாசனை வந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். எஞ்சின் ஓடட்டும், பானெட் மூடியிருக்கட்டும். ஒரு பக்கச் செய்தித்தாளைக் கிரில்லின் மேல் வைத்துக் கையை எடுங்கள். ஃபேன் ஒழுங்காக இழுத்தால் தாள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, காருக்கு முன்னால் நின்றபடியே, கிரில்லின் ஓரங்களில் மெல்ல நகர்த்துங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். என் காரில் நடுவில் புகை நேராக உள்ளே போனது. இடது மேல் மூலைக்கு வந்ததும் புகை தயங்கியது, சுருண்டது, என் முகத்தை நோக்கித் திரும்பியது. அதோடு ஒரு சூடான மூச்சும் வந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தால் அங்கே ரேடியேட்டருக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. தொழிற்சாலை ஒட்டி அனுப்பிய நுரைப் பட்டை எந்தக் காலத்திலோ பொடிந்து உதிர்ந்துவிட்டது.

கதவு, ஜன்னல் ஓரங்களில் ஒட்டும் மூடிய துளை நுரை ரப்பர் பட்டை வாங்கி, ரேடியேட்டரின் இரு பக்கமும் மேலும் கீழும் சந்துகளை அடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு போன்றது வேண்டாம். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு தகட்டைத் துருவாக்கும். பெரிய ஓட்டைகளுக்கு மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி, ஓரத்தில் ரப்பர் பட்டை மாட்டினால் போதும். இந்த ஒரே வேலையால் பெரிய சாலை நெரிசலில் என் முள் ஏறும் உயரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. புது ரேடியேட்டருக்கு வைத்திருந்த பணம் டயருக்குப் போனது.

ஆயில் கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் படுத்திருக்கும். அதைச் சுற்றியும் தகட்டில் சந்து இருந்தால் அடையுங்கள்.

மூன்றாவது கட்டம் வெளியேறுதல். எம்ஜிபியில் சூடான காற்று பெரும்பாலும் அடியில்தான் இறங்க வேண்டும். அதனால் முன்பக்கம் தாடை போலத் தாழும் ஸ்பாய்லர் உதவும்: அடியில் பாயும் காற்றைக் குறைத்து அங்கே அழுத்தத்தைத் தாழ்த்தும், மேலிருக்கும் காற்று கீழே இழுபடும். பானெட்டின் பின் ஓரத்தை வாஷர் வைத்துத் தூக்கிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. நிற்கும்போது சூடு அதன் வழியே எழும் என்பது உண்மை. ஆனால் ஓடும்போது முன் கண்ணாடியின் அடியில் காற்று முட்டி அழுத்தம் கூடுகிறது. வெளியே போக வேண்டிய காற்றுக்கு எதிராக வெளிக்காற்று உள்ளே வரும். பானெட்டில் லூவர் (காற்றுப் போகும் சாய்வான துளைகள்) வெட்டுவதாக இருந்தால் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வெட்ட வேண்டும், அங்கேதான் அழுத்தம் குறைவு. என்னைக் கேட்டால் வெட்டவே வேண்டாம். முற்கால அலுமினிய பானெட் கிடைப்பது அரிது, நம் ஊர் மாலை மழையோ லூவர் வழியாக நேரே தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் இறங்கும்.

ஃபேன்

இத்தனைக்கும் பிறகும் நெரிசலில் ஏறினால் ஃபேனைப் பற்றிப் பேசலாம். முதலில் பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். என் காரில் மூன்று இலை இரும்பு ஃபேன் இருந்தது. பின்னாள் எம்ஜிபிகளில் வந்த கூடுதல் இலை ஃபேனை மாற்றியதே நல்ல பலன் தந்தது. ரேடியேட்டருக்கும் இலைக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது விடுங்கள். எஞ்சின் ரப்பர் தாங்கிகள் தளர்ந்த காரில், திடீரென்று பிரேக் போட்டால் எஞ்சின் முன்னால் தலையாட்டும்.

எலக்ட்ரிக் ஃபேன்தான் வேண்டும் என்றால், எஞ்சின் பக்கம் இருந்து இழுக்கும் வகைக்கு இடம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். முன்னால் மாட்டித் தள்ளும் வகை ஓடும்போது காற்றுக்குத் தானே தடையாக நிற்கும். ரேடியேட்டர் இதழ்களுக்குள் பிளாஸ்டிக் கட்டுகளைச் செருகி மாட்டாதீர்கள். அதிர்ந்து அதிர்ந்து குழாயை அறுத்துவிடும். தனிக் கம்பிச் சட்டம் அடித்து மாட்டுங்கள். ரிலேயும் ஃப்யூஸும் கட்டாயம்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் இருக்கும் டைனமோ முழு வேகத்தில் 22 ஆம்பியர் தரும். நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஃபேன் தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான். இரவு, மழை, முன்விளக்கு, வைப்பர், ஃபேன் என்று எல்லாம் சேர்ந்தால் வீட்டுக்கு வரும் முன்பே பாட்டரி படுத்துவிடும்.

அந்தக் கார்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. பாட்டரியின் பாஸிட்டிவ் முனைதான் உடலோடு பூட்டியிருக்கும். எனக்கும் இது தெரியும். தெரிந்தும், புது ஃபேனின் கறுப்பு வயரைப் பழக்க தோஷத்தில் உடலோடு பூட்டினேன். ஃபேன் சுற்றியது, சத்தமும் நன்றாக இருந்தது, காரோ முன்னைவிட வேகமாகக் கொதித்தது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு செய்தித்தாளைக் கிரில்லில் வைத்தேன். தாள் பறந்து போய்ப் பூச்செடி மேல் விழுந்தது. ஃபேன் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது.

நெருப்பின் பக்கம்

சூட்டை வெளியேற்றுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சூடு எங்கே பிறக்கிறது என்பது மறந்துவிடும். இக்னிஷன் பின்தங்கினால் எரிதல் தாமதமாகி, சூடு எக்ஸாஸ்ட் வழியையும் அதைச் சுற்றிய தண்ணீரையும் சுட்டுவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குடுவையில் இருக்கும் சவ்வு கிழிந்திருந்தாலும் இதே கதை. அதன் குழாயில் வாய் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்தால், உறிஞ்சல் அப்படியே நிற்க வேண்டும். கார்பரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும் எஞ்சின் சூடாகும். டைமிங் விளக்கு வைத்திருக்கும் ஃபோர்மேனிடம் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஒட்டிக்கொண்ட பிரேக்கும் எஞ்சினுக்குக் கூடுதல் சுமைதான்.

தேநீர் குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடிப்பது வேறு நோய். எம்ஜிபியில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் இருக்கின்றன. எஞ்சின் நின்றதும் சூடு மேலெழுந்து மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோலை ஆவியாக்குகிறது. நடுவில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா, அதன் பின்னால் ஒட்டிய காப்பு உதிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். நிறுத்திய ஐந்து நிமிடத்துக்குப் பானெட்டைத் திறந்து வைத்தாலும் போதும். எக்ஸாஸ்ட் குழாயில் துணி போன்ற காப்புப் பட்டை சுற்றுவதை நம் ஈரப்பதத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை, உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

மலையில் சோதனை

எல்லாம் முடிந்ததும் தாப்பாவிலிருந்து தானா ராத்தா போகும் பழைய சாலை, கூட்டரசுச் சாலை 59, தயாராக இருக்கிறது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு, லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏற வேண்டியிருக்கும். வேகம் குறைவு, சுமை அதிகம், காற்று இல்லை. இதைவிடக் கடுமையான பரீட்சை வேண்டியதில்லை. முதல் முறை லாத்தா இஸ்கண்டார் அருவி வரை மட்டும் போய்த் திரும்புங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர், மாற்றுப் பெல்ட், இரண்டு ஹோஸ் கிளிப், ஸ்பானர், கைத்துணி இவை காரில் இருக்கட்டும். வழியில் முள் ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர். கால் வேகும், எஞ்சின் பிழைக்கும். அப்படியும் இறங்காவிட்டால் ஒதுக்குப்புறமாக நிறுத்தி அணைத்துவிட்டுக் காத்திருங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் எஞ்சின் தலை விரிசல் விடலாம்.

அருவி வரை ஏறி இறங்கியும் முள் அடங்கியிருந்தால் அடுத்த வாரம் மேலே போகலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே திறந்த பானைத் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடி கீழே மறைத்து வைத்த பொய்யை அங்கே சொல்லிவிடும்.

திரும்பி வந்த மறுநாள் காலை, எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குச்சி விட்டு அளந்து நோட்டில் எழுதுங்கள். முதல் இரண்டு ஓட்டத்தில் சிக்கிய காற்று வெளியேறிச் சற்று இறங்குவது வழக்கம். மூன்றாவது முறையும் இறங்கினால் காரின் அடியில் அட்டை ஒன்றை விரித்து வைத்து, எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள்.